பின்தொடர்ந்த வில்

"எல்லாரும் ஒரே மாதிரிதானே அழுறாங்க டீச்சர், அப்போ அழுகையும் காப்பியா?"

வாசிப்பில் காப்பியைக் கண்டுபிடிக்கும் சாயல்மானி வந்த புதிதில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டபோது அமலோற்பவம் டீச்சர் சிரித்துக்கொண்டே, போய் சுருதி சேர் என்று அனுப்பிவிட்டாள். அந்தப் பிள்ளை படித்து முடித்து ஊரைவிட்டே போயாயிற்று. சாயல்மானி மட்டும் தூத்துக்குடியின் அந்தப் பள்ளியில் ஒவ்வொரு வயலினிலும் புளியங்கொட்டை அளவில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

உலகத்தில் பதிவான இசை அத்தனையும் அதற்குத் தெரியும். பிள்ளைகள் கற்பனையாக வாசிக்கும்போது, முன்பு யாரோ வாசித்த சுரக்கோவை, ஒரு பிடி, வந்துவிட்டால் அதன் விளக்கு சிவக்கும். இவர்கள் வாசிப்பதும் அப்போதைக்கப்போது அதில் சேர்ந்துவிடும். நேற்று ஒருத்தி கண்டெடுத்த அழகான பிடி இன்று இன்னொருத்திக்குக் கிடையாது. பிள்ளைகளின் சொந்தக் கற்பனையை வளர்க்கும் என்றுதான் கொண்டுவந்தார்கள். ஏழாம் வகுப்பிலோ பரீட்சைத் தாளை மறைப்பதுபோல ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி வாசித்தார்கள். பயந்துபோய் ஒருத்தி வில்லைத் தொடாமலே நின்றாள். அதற்கும் சிவந்தது. அப்படியொரு மௌனம் முந்தின நாளே பதிவாகியிருந்ததாம்.

டீச்சர் ஜெபம் தவறாதவள், பிள்ளைகளை அதட்டவும் கூசுபவள். அவளுக்கும் அந்த வியாதி தொற்றியது. யார் வாசித்தாலும் காது ரசிப்பதற்கு முன்னால் கண் விளக்கைப் பார்த்தது.

அந்தக் கண்ணில்தான் ஏழாம் வகுப்பு நிறைமதி விழுந்தாள். இருவர் மாறிமாறி வாசிக்கும் பயிற்சியில் அவளுக்கு ஜோடி ரெஜினா. ரெஜினா ஒரு பிடியை முடிக்கும்போதெல்லாம் நிறைமதியின் விளக்கு சிவந்தது. மூலம் யார் என்று பார்த்தால், ஒவ்வொரு முறையும் ரெஜினா. மற்றப் பிள்ளைகள் அவளுக்கு எதிரொலி என்று பட்டம் கட்டினார்கள். சொந்தமாக ஒன்றும் வராததால் பக்கத்திலிருப்பவளைத் திருடுகிறாள் என்று டீச்சரும் நினைத்தாள். இரண்டு முறை மேலே புகார் அனுப்பினாள். தேர்வில் இன்னொரு முறை சிவந்தால் பள்ளி வயலினைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். நிறைமதிக்கு வேறு வயலின் கிடையாது.

ஒரு நாள் நிறைமதியைக் கையும் களவுமாகப் பிடிக்க எண்ணி, டீச்சர் விளக்கை விட்டுவிட்டு இருவரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஜினா மோகன ராகத்தில் மேலே ஏறி, இறங்கி வரும்போது அவள் வில் நடுங்கியது. நிறைமதியின் வில் மெல்ல வந்து அதே சுரத்தில் சேர்ந்தது. நடுக்கம் நின்றது.

வகுப்பு கலைந்ததும் டீச்சர் நிறைமதியை நிறுத்தி, ஏன் அப்படிச் செய்கிறாய் என்று கேட்டாள்.

"முடிக்கிற இடத்துல அவளுக்குக் கை ஆடுது டீச்சர். நானும் கூடப் பிடிச்சா நின்னுருது."

"உனக்குல்லா சிவக்குது?"

"அவளுக்குச் சிவக்கலைல்லா," என்றாள் நிறைமதி, பெட்டியைப் பூட்டியபடியே.

டீச்சருக்கு முகம் சுருங்கியது. கச்சேரி மேடைகளில் பாடகர் பக்கத்தில் அமர்ந்து வருஷக்கணக்காக அவள் செய்த வேலையே அதுதான். பாடுகிறவர் மூச்சு வாங்கும்போது அவர் விட்ட சுரத்தை ஏந்திக்கொள்வது, அவர் போன வழியிலேயே பின்னால் போவது. பக்கவாத்தியத்தின் மரியாதை அது. மானி சிவக்குமே என்று இந்தப் பிள்ளைகளுக்கு அவள் அதைச் சொல்லியே தரவில்லை. சொல்லித் தராமலே ஒருத்தி செய்திருக்கிறாள். அவளுக்குத் திருடி என்று பெயர் வைத்தாயிற்று.

புகாரைத் திரும்பப் பெறப் போனாள். மானி பொய் சொல்லாது, டீச்சர்தான் இரக்கப்பட்டுப் பேசுகிறார் என்று தலைமையாசிரியை சொல்லி அனுப்பிவிட்டார். தேர்வில் மட்டும் ரெஜினாவைத் தனியே விட்டுவிடு என்று நிறைமதியிடம் கெஞ்சிப் பார்த்தாள். நிறைமதி சரி என்று தலையாட்டினாள். ஆட்டிய விதத்திலேயே அவள் விடமாட்டாள் என்று தெரிந்துவிட்டது.

தேர்வு நாள் காலை, பிள்ளைகள் பிரார்த்தனைக்குப் போயிருந்த நேரம், இசை அறையில் யாரும் இல்லை. ஆசிரியர் வயலின்களிலும் மானி உண்டு. அவற்றில் விளக்கு எரியாது, முடிவு அவரவர் பெயரில் அவரவர் கைக்கருவிக்கும் மேலிடத்துக்கும் மட்டும் போகும். டீச்சர் தன் மானியைக் கழற்றினாள். இது பொய்யாகுமா என்று மாதாவிடம் மனசுக்குள் கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். நிறைமதியின் மானியைக் கழற்றித் தன் வயலினிலும், தன்னுடையதை அவள் வயலினிலும் பொருத்தி, பெட்டியை முன்பிருந்தபடியே மூடி வைத்தாள்.

தேர்வுக் கூடத்துக்குள் ஆசிரியர்களை விடுவதில்லை. அவள் இசை அறையிலேயே இருந்தாள். சுவருக்கு அப்பால் மோகனம் ஏறியது, இறங்கியது. இறங்குமிடத்தில் இரண்டு வில்கள் கேட்டன.

கைக்கருவி அதிர்ந்தது. எடுத்துப் படித்தாள். பிரதி எடுத்தவர், அமலோற்பவம், இசை ஆசிரியை. மூலம், ரெஜினா, ஏழாம் வகுப்பு. இந்த ஆண்டு முழுதும் அவர் கற்பனை வாசிப்பு கற்பிக்கத் தடை.

ஆசிரியை பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொண்டாள் என்கிறது மானி. முதன்முறையாக அது சரியாகச் சொல்வதாக அவளுக்குப் பட்டது; நிறைமதி செய்ததைத்தானே அவளும் செய்திருந்தாள். கருவியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிள்ளைகள் வந்தால் குடிக்கட்டும் என்று பானையில் தண்ணீர் நிரப்பப் போனாள்.