எட்டுப் பிணங்களும் நூறு சதவீதமும்

டிரிங்... டிரிங்...!

1986. கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ். காலை ஒன்பதே கால்.

சிவமலர் ரிசீவரை எடுத்தாள்.

"பவுனம்மா செத்துட்டாங்க..."

கீச்சுக் குரல்!

"யாரு பேசுறது?"

"பண்டமாரான்ல பக்கத்து வீடு. நேத்தே எரிச்சாச்சு. லிஸ்ட்ல எழுதிக்குங்க!"

'பாம்... பாம்...' ரொட்டிக்காரரின் ஹார்ன் காதைப் பிளந்தது.

டொக்! லைன் கட்.



அவள் ஆராய்ச்சியாளர். வயது இருபத்தெட்டு. வறுமையைப் பற்றி நிறையப் படித்தவள். வறுமைக்குத்தான் அவளைத் தெரியாது!

அவளுடைய நிலையம், அரசாங்கத்தின் வெல்பேர் உதவிப் பணத்தில் வாழ்ந்த நாற்பது தாய்மாருக்குத் தையல் பழக்கி, தெலுக் பங்லிமா காராங் ஊரில் ஒரு தொழிற்சாலையில் சேர்த்துவிட்டிருந்தது. ஓராண்டு கழித்து எத்தனை பேர் வேலையில் நிலைத்தார்கள்? அதைக் கண்டறிவதுதான் சிவமலரின் ஆய்வு.

பவுனம்மாள் எட்டாவது சாவு!

எட்டுப் பேரும் பண்டமாரான்வாசிகள். ஒருத்திக்குக்கூட நாற்பது வயதாகவில்லை.

அடுத்த அறைக்கு ஓடினாள்.

டைரக்டர் டாக்டர் விநாயகமூர்த்தி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார்... பவுனம்மாவும் செத்துட்டாங்க!"

"ஐயோ பாவம். ஃபைல மூடிடும்மா. நாலு மணிக்கு ஹோட்டல்ல கூட்டம். சிலைடு ரெடியா?"

"எட்டுப் பேரு சார்!"

"ஏழைங்க சாவுறதுக்குக் காரணம் வேற வேணுமா?"

அந்த வார்த்தை சுருக்கென்று குத்தியது. எட்டு ஃபைல்களையும் அள்ளிக்கொண்டு நேராகப் போலீஸுக்குப் போனாள்.

இன்ஸ்பெக்டர் கார்த்திகேசு பாதி கறி பஃப்போடு நிமிர்ந்தார்.

"பிணத்த நீங்க பாத்தீங்களா?"

"இல்ல. மத்த ஏழு பேரையும் டைரக்டர்தான் ஒவ்வொரு வீடாப் போய்ப் பாத்து, கடிதத்துல கையெழுத்துப் போட்டிருக்காரு."

"ஒரே ஃபேக்டரி... எட்டுச் சாவு..."

கறி பஃப் கீழே இறங்கியது. தொப்பி தலையில் ஏறியது.

ஜீப் பண்டமாரானுக்குப் பறந்தது.

பவுனம்மாள் வீடு பூட்டிக்கிடந்தது. பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளேயிருந்து...

"ஐயோ... போச்சே...!"

பெண் அலறல்!

கார்த்திகேசு துப்பாக்கியை உருவினார். ஒரே உதை! கதவு திறந்துகொண்டது.

உள்ளே ஆவி பறக்கும் அண்டாக்கள். அவற்றைச் சுற்றி எட்டுப் பெண்கள்.

கரண்டி பிடித்தவள் முறைத்தாள்.

"சாம்பார் அடிப்பிடிச்சிருச்சேன்னு கத்துனேன். அதுக்குத் துப்பாக்கியா சார்?"

"நீ... நீங்க யாரு?"

"பவுனம்மா. ஆ... ஃபாரம் எழுதின மிஸ்! வாங்க, வாங்க!"

சிவமலர் ஃபைலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க செத்துட்டீங்க...!"

"எப்ப?"

"நேத்து எரிச்சாச்சுன்னாங்க!"

"அப்ப இன்னைக்கு முந்நூறு பொட்டலம் கட்டினது யாரு லா?"

கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. சிவமலருக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஃபேக்டரிய ஏன் விட்டீங்கக்கா?"

பவுனம்மாள் கரண்டியை வைத்தாள்.

"விடியக்காலை அஞ்சுக்கே பஸ் வந்துரும் மிஸ். வீடு திரும்ப ராத்திரி எட்டாகும். சின்னவனுக்கு வலிப்பு. யாரு பாத்துக்குவா? அறுபது கேள்வி கேட்டீங்களே... அதக் கேட்டீங்களா?"

சிவமலர் தலைகுனிந்தாள். கேட்கவில்லை.

"அதான் நாங்க எட்டுப் பேரும் சேந்து போர்ட்டுல சரக்கு லோரி ஓட்டுறவங்களுக்குச் சமைக்கிறோம். பிள்ளைங்க கண்ணு முன்னால இருக்குதுங்க. ஆனா பிள்ளைங்களோட உதவிய நிறுத்திட்டாங்க. போய்க் கேட்டா, எங்க ஃபைல மூடியாச்சுங்கறாங்க. வேலைய விட்டதுக்குத் தண்டனைன்னு நெனச்சோம்."

"தண்டனை இல்லக்கா... நீங்க செத்துட்டதா எழுதிட்டாங்க!"

பவுனம்மாள் மற்ற ஏழு பேரையும் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு போன் பண்ணினது யாரு?" என்றாள் சிவமலர்.

"இந்த வரிசையில ஒரு வீட்லயும் போன் இல்ல மிஸ்."

கார்த்திகேசு திரும்பினார்.

"குரலத் தவிர வேற என்ன கேட்டுச்சு? நல்லா யோசிங்க."

சிவமலர் கண்களை மூடினாள். ரொட்டிக்காரர் ஹார்ன்! ஒரு காதில் ஜன்னல் வழியாக... மறு காதில் ரிசீவர் வழியாக... ஒரே நேரத்தில்!

"சார்! போன் வந்தது எங்க கட்டடத்துலருந்து! அடுத்த ரூம்லருந்து! நான் போனப்ப வாயில கைக்குட்டையோடதான் இருந்தாரு!"

"டைரக்டரா? எதுக்கு?"

"நாப்பதுல எட்டுப் பேரு வேலைய விட்டு நின்னுட்டா, வெற்றி எம்பது சதவீதம். ஆனா செத்தவங்களக் கணக்குல சேக்க மாட்டோம். முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு!"

"நூறு சதவீதம்! அடப்பாவி... கத்தி எடுக்காம எட்டுக் கொலை!"

மாலை நான்கு. கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டல். குளுகுளு மண்டபம்.

"...நூறு சதவீத வெற்றி! உலகமே நம்ம திட்டத்தப் பாக்குது!"

விநாயகமூர்த்தி முழங்கினார். கைதட்டல்!

கதவு திறந்தது. கறி வாசனை முதலில் வந்தது. பின்னால் எட்டுப் பெண்கள்.

"யாரும்மா நீங்க?" என்றார் முன்வரிசைப் பிரமுகர்.

"நாங்க செத்தவங்க சார்!" என்றாள் பவுனம்மாள்.

விநாயகமூர்த்தியின் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஒரே கணம்தான்! பிறகு... சிரித்தார்!

"ஃபைல்ல சின்னத் தப்பு! பாருங்க... இந்த எட்டுப் பேரும் இப்ப உழைச்சுச் சாப்பிடுறாங்க. ஆக, நாப்பதுக்கு நாப்பது. இப்பவும் நூறு சதவீதம்தான்!"

மீண்டும் கைதட்டல்! மனிதர் தப்பித்துவிட்டாரா?

சிவமலர் மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள்.

"இவங்க உழைச்சுச் சாப்பிடுறது நம்ம திட்டத்தால இல்ல சார். அத விட்டு வெளிய வந்ததால! என் அறிக்கையில அப்படித்தான் இருக்கும். பிள்ளைய யாரு பாத்துக்குவாங்கற கேள்வியும் இருக்கும்!"

வெல்பேர் ஆபீஸிலிருந்து வாங்கிவந்த எட்டுக் கடிதங்களைக் கார்த்திகேசு விசிறிபோல் விரித்தார்.

"'நேரில் சென்று பிணத்தைக் கண்டேன்.' எட்டும் உங்க கையெழுத்து! நேத்து 'செத்த' பவுனம்மாவுக்குப் போன மாசமே போட்டிருக்கீங்க! இதக் காட்டித்தான் பிள்ளைங்க உதவிய நிறுத்தியிருக்காங்க. நாளைக்கே அந்த ஃபைலெல்லாம் திறக்கும். இப்ப நீங்க வாங்க."

விலங்கு விழுந்தது. க்ளிக்!

"என் வேலையே போச்சே இன்ஸ்பெக்டர்...!"

"கவலைப்படாதீங்க டாக்டர். தங்க இடம் குடுத்து, சோறு போட்டு, கைத்தொழிலும் பழக்குறாங்க புடு ஜெயில்ல... இதுவரைக்கும் ஒருத்தனும் பாதியில நின்னதில்ல!"