நிழலில் கட்டிய கொடிக்கயிறு

செருப்பைக்கூடக் கழற்றாமல் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குள் ஓடிவந்தாள் தனலெட்சுமி.

"ஐயா, கிள்ளான் முதியோர் விடுதியில எங்கப்பாவுக்கு யாரோ விஷம் வைக்கிறாங்க! பத்து நாள்ல பாதியா இளைச்சுட்டாரு. நேத்து என்னையே யாருன்னு கேக்குறாரு!"

வீட்டுக்காரர் சண்முகரத்தினம், ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் டாக்டருக்குத் துணையாக நிற்கும் டிரெசராக இருந்து 1934இல் ஓய்வு பெற்றவர். பக்கத்தில் இருந்த தையற்காரர் சபாபதிக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது.

"சமையல்காரன்தான்! வேற யாரு?"

"முதலில போய்ப் பார்ப்பம்," என்றார் சண்முகரத்தினம்.

மூவரும் கிள்ளானுக்கு ரயிலேறினார்கள். விடுதி வாசலில் பெரிய மரம். அதன் அடர்ந்த நிழலில் ஒரு கொடிக்கயிறு வெறுமையாகத் தொங்கியது. காவலாள் நாகையா நெஞ்சை நிமிர்த்தி வந்தான்.

"விஷம்னு பேச்சு வந்ததும் சமையல்கார சின்னையாவ ஸ்டோர்ல பூட்டிட்டேன். போலீஸ் வருது. மத்தபடி என் விடுதி சுத்தம்யா. பத்து நாளா ஒரு பாய்கூட நனையல!"

ஏழாம் கட்டிலில் கிடந்தார் தம்புசாமி. சண்முகரத்தினம் அவர் மார்புத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் எழுந்தபடியே நின்றது. நாக்கு வெடித்திருந்தது. அரைஞாண் கயிற்றில் பழைய முடிச்சுக்கு வெகுதூரம் உள்ளே புது முடிச்சு. கட்டிலடியில் தகரக் குவளை நிறையத் தண்ணீர், மேலே தூசி. மற்றக் கட்டில்களடியில் இருந்த குவளைகளும் அப்படியே.

"விஷமா அண்ணே?" என்று சபாபதி துடித்தார்.

"விஷமெண்டால் வயித்துக்குள்ள போகவேணும். இவர் வாயை நனைக்கிறதோட சரி. நாக்குக் காய்ஞ்சால் சோறு இறங்குமோ? உடம்பு வத்தி, கயிறு இடுப்பில நிக்கேல்லை. தாகத்தாலதான் புத்தியும் தடுமாறுது." அவர் திரும்பினார். "நாகையா, பின்னால வெயில் கொளுத்துது. பாய் காயப்போடுற கயிறை ஏன் வாசல் நிழலில கட்டினனீர்?"

நாகையாவின் நெஞ்சு இறங்கியது.

"காயப்போட இல்லீங்க. படுக்கையில ஒண்ணுக்குப் போய் நனைச்ச பாய கட்டில் நம்பரோட வாசல்ல தொங்கவிட்டா, வெக்கத்துல அடங்குவாங்கன்னு…"

"அடங்கிப்போச்சினம். குடிச்சால்தானே நனையும்?"

"சீ! நீயெல்லாம் மனுஷனா? ஸ்டோர் சாவியக் குடு!" சபாபதி சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார், சின்னையாவைத் திறந்துவிடவும் டாக்டரைக் கூட்டிவரவும்.

தனலெட்சுமி கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பத்து நாளைக்கு முந்தி நான் வந்தப்ப ஏழாம் நம்பர் பாய் வாசல்ல தொங்குச்சுய்யா. யாரோடதுன்னு நினைக்காம மூக்கப் பொத்திக்கிட்டு வந்தேன். அப்பா சன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாரு."

சண்முகரத்தினம் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டியில் கொடுத்தார். கிழவர் உதட்டை இறுக்கிக்கொண்டு, தான் படுத்திருந்த பாயையே பார்த்தார்.

கரண்டியைத் தனலெட்சுமி வாங்கிக்கொண்டாள்.

"குடிங்கப்பா. நனைஞ்சா நனையட்டும். நான் அலசிப் பின்னால வெயில்ல போடுறேன்."

அவர் அவள் மூக்கைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.