துணைக்கால்

திங்கட்கிழமை, காலை 9.10.

முதலாளி வந்ததும் வராததுமாகப் போனை மேஜைமேல் குப்புறப் போட்டார்.

"நம்ம ஆப்பை யாரோ தூக்கிட்டாங்க."

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டே அறை கொண்ட ஆபீஸ் அது. முதலாளியைத் தவிர மூன்று பேர். பக்கங்களுக்கு நிறமும் வடிவமும் கொடுக்கிற பெண்ணுக்குப் பட்டப்பெயர் 'தூரிகை'. நிரல் எழுதுகிறவன் 'சின்னவன்'. மூன்றாமவள், எழுதியதையெல்லாம் தட்டிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிக்கிற 'பூதக்கண்ணாடி'. சின்னவன் அவளுக்குக் கொழுந்தன். சாப்பாடும் படுக்கையும் அவள் வீட்டில்தான். அவனுக்கு இந்த வேலையும் அவள் ஒற்றைக் காலில் நின்று வாங்கிக் கொடுத்ததுதான்.

காணாமல் போனது அப்படியொன்றும் பெரிய ஆப் இல்லை. கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பெஞ்சில் தவம் கிடக்காமல், தமக்கு முன்னால் எத்தனை பேர் என்று போனிலேயே பார்த்துக்கொள்ள ஒரு பக்கம். ஆனால் நாலு பேரும் ஐந்து மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தது.

"சனிக்கிழமை வேற ஒரு கம்பெனி இதையே கொண்டுபோய்க் காட்டியிருக்கு. யாரு யாரைப் பார்த்து எழுதினீங்கன்னு டாக்டரம்மா கேக்கறாங்க. மூணு மணிக்குள்ள பதில் சொல்லணும். இல்லேன்னா ரெண்டு பேருமே வேணாமாம்."

தூரிகை அந்தக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தாள். நீலம் பச்சையாகியிருந்தது. மேலே வேறு பெயர். மற்றதெல்லாம் அச்சு அசல். நடுவில் பெரிய எழுத்தில்: 'உங்களுக்கு முன்னால் ஆறு பேர். சற்றுப் பெறுங்கள்.'

"நான் போட்ட கோடு! வளைவுகூட மாறல!" என்று கத்தினாள் தூரிகை.

பூதக்கண்ணாடி திரையருகே குனிந்தாள். அந்தப் பக்கத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்தாள்.

காலை 9.40.

ஆப்பையும், அது ஓடுவதற்கு வேண்டிய சாமான்களையும் ஒன்றாக அடைத்துக் கட்டினால் எந்தக் கம்ப்யூட்டரில் இறக்கினாலும் அப்படியே ஓடும். அதற்குக் கன்டெய்னர் என்று பேர். இந்த ஆபீஸில் 'டப்பா'. டப்பாக்களை வைக்க இணையத்தில் ஒரு கிடங்கு உண்டு. எப்போது, யாருடைய பாஸ்வேர்டில் எந்த டப்பா இறங்கியது என்பது அங்கே பதிவாகும்.

முதலாளி பதிவைப் படித்தார். முகம் மாறியது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பத்து. புது டப்பா ஒண்ணு இறங்கியிருக்கு. ஏம்மா, உன் பாஸ்வேர்டுல."

பூதக்கண்ணாடி நிமிர்ந்தாள்.

"நாலு பத்துக்கு நான் பொண்ணைக் கூப்பிட ஸ்கூலுக்கு நடந்துகிட்டிருந்தேன் சார்."

"யாராவது பார்த்தாங்களா?"

"தெருவுல போறவங்களை யாரு சார் பார்க்கறாங்க?"

சின்னவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "எங்க அண்ணியையா கேக்கறீங்க? அவங்க மேல பழி சொன்னா வாய் வெந்துடும் சார்!"

"உக்காருப்பா." முதலாளியின் குரல் தணிந்திருந்தது. "மூணு மணிக்கு நான் ஒரு பேர் சொல்லியாகணும். இப்போ என் கையில இருக்கிறது இவங்க பேர்தான். வேற பேர் இருந்தா, அதுக்குள்ள கொண்டு வாங்க."

பூதக்கண்ணாடி தன் தடித்த நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள்.

காலை 10.30. தூரிகை எதிரே உட்கார்ந்தாள்.

"கட்டி முடிச்ச டப்பாவுல நிறத்தையும் பேரையும் மட்டும் மாத்தணும்னா எப்படி?"

"அதைப் பிரிச்சுக் குடையறது வீண் வேலைக்கா. மூல நிரல்ல மாத்திட்டு, புதுசா கட்டிட்டுப் போயிடலாம்."

"கட்டறப்போ உள்ள என்னென்ன போகும்?"

"அந்த ஃபோல்டர்ல கிடக்கிறது அத்தனையும். இது வேணாம், அது வேணாம்னு பட்டியல் போட்டா ஒழிய. நம்ம சின்னவன்தான் பட்டியலே போட மாட்டானே." தூரிகை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "என்னையா சந்தேகப்படறீங்க?"

"எல்லாரையும்தான். என்னையும் சேர்த்து."

காலை 11.15. சின்னவன்.

"வெள்ளிக்கிழமை லீவு போட்டியே, என்ன பண்ணிட்டிருந்தே?"

"என்ன அண்ணி, நீங்களே கேக்கறீங்க? கடைவாய்ப் பல்லு. நீங்கதானே உப்புத் தண்ணி கலக்கி வெச்சிட்டுக் கிளம்பினீங்க."

"லேப்டாப்?"

"தொடவே இல்ல. தலையணைக்குப் பக்கத்துல மூடியே கிடந்தது."

"என் பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தான். "ஆபீஸ்ல உங்களுக்கு ஆகாதவங்க யாருன்னு பாருங்க அண்ணி."

அவன் போனதும் நோட்டைப் புரட்டினாள். ஐந்து மாதமாகக் கண்ட தப்பெல்லாம் எண் போட்டு அதில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் 212: 'வியாழன். ''பொறுங்கள்'' என்பதில் துணைக்கால் இல்லை. சின்னவன் தட்டியது. வெள்ளி காலை 11 மணிக்குத் தூரிகை திருத்தி ஆபீஸ் மெஷினில் ஏற்றினாள். புது டப்பா கட்டியாயிற்று.'

எழுதினாலும் தட்டினாலும் அவனுக்குத் துணைக்கால் விட்டுப்போகும். வீட்டில் அதை வைத்து அவனைக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது.

பக்கங்களைப் பின்னால் தள்ளினாள். 87-இல் விரல் நின்றது: 'சின்னவனின் யானையை ஆபீஸ் ஃபோல்டரிலிருந்து விரட்டவும்.' அவள் மகள் குட்டிமணிக்காக அவன் செய்த விளையாட்டு அது. ஆப் பக்கத்தின் இணைய முகவரிக்குப் பின்னால் அதன் பேரை அடித்தால் திறக்கும்; பழத்தைத் தட்டினால் யானை தும்பிக்கையை நீட்டும். அப்போது அவன் சொன்ன பதிலும் பக்கத்திலேயே இருந்தது: 'என் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கு. ஆபீஸ் மெஷினுக்கு அனுப்ப மாட்டேன்.'

மதியம் 1.50. எதிர்க் கம்பெனிப் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்தாள். திரையைப் பார்த்தாள். பாதிச் சாப்பாட்டோடு டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

பிற்பகல் 2.30.

நால்வரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"தூரிகை, வெள்ளிக்கிழமை நாலு பத்துக்கு இறங்கின டப்பால 'சற்று' பக்கத்துல என்ன இருக்கும்?"

"'பொறுங்கள்'. காலையிலயே கால் போட்டுட்டேனே."

"அவங்க பக்கத்துல என்ன இருக்குன்னு படி."

தூரிகை படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "'பெறுங்கள்'! ஐயோ, காலையில நான் கோட்டைத்தானே பார்த்தேன்!"

"என்னையும் சேர்த்து எல்லாரும் வடிவத்தையேதான் பார்த்தோம்," என்றார் முதலாளி. "அதனால?"

"அதனால, என் பாஸ்வேர்டுல இறங்கின டப்பா அவங்ககிட்டப் போகவே இல்ல சார். திருத்தாத பழைய மூலத்தை வெச்சு, நிறம் மாத்தி, தனியா ஒண்ணு கட்டிக் கொடுத்திருக்காங்க. அப்போ இது எதுக்கு இறங்கணும்? என் தலையில போடறதுக்கு."

"யாரு?"

"வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு வராத லேப்டாப் ஒண்ணுதான். அதுக்குத் திருத்தம் போய்ச் சேரல." அவள் திரும்பினாள். "தம்பி, அவங்க முகவரிக்குப் பின்னால 'யானை'ன்னு அடி."

சின்னவன் கை மேஜையை விட்டு நகரவில்லை.

தூரிகை அடித்தாள். பச்சைப் பக்கம் மறைந்தது. திரை நிறைய ஒரு யானை வந்து நின்றது. மேலே வண்ண எழுத்தில்: 'குட்டிமணி, இன்னும் ஒரு பழம்!'

"ஃபோல்டர்ல கிடந்தது அத்தனையும் உள்ள போகும்," என்றாள் பூதக்கண்ணாடி. "யானையும்தான்."

யாரும் பழத்தைத் தட்டவில்லை. யானை தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு காத்திருந்தது.

"அங்க பங்குதாரரா சேர்த்துக்கறேன்னாங்க." சின்னவனின் குரல் உடைந்தது. "எத்தனை நாளைக்கு அண்ணி தயவுல வந்தவன்னு பேர் வாங்கறது? சொந்தக் கால்ல நிக்கணும்னு..."

"நில்லு. யாரு வேணாம்னா? என் பேரை எதுக்குக் காலடியில போட்டுக்கிட்டே?"

"உங்களை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, ரெண்டு நாள்ல ஆறிப்போயிடும்னு நெனச்சேன் அண்ணி."

"பாஸ்வேர்டு?"

"குட்டிமணி பேரும் பொறந்த வருஷமும். அவதான் சொன்னா."

"காலையில எனக்காகக் கத்தினியே தம்பி. கேட்டதும் அழுகையே வந்துடுச்சு எனக்கு."



2.55-க்கு முதலாளி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டாக்டரம்மாவிடம் கதை எதுவும் அளக்கவில்லை. யானையின் முகவரியை மட்டும் கொடுத்து, குட்டிமணி யார் என்று சொன்னார். திரும்பி வந்து, "நாளைக்குக் காலையில நம்மளைத்தான் வரச் சொல்லியிருக்காங்க," என்றார். யாரும் கை தட்டவில்லை. பிறகு பூதக்கண்ணாடியின் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கம்மா," என்றார்.

மாலை 4.00. குட்டிமணியைக் கூப்பிடக் கிளம்பும் நேரம். சின்னவனின் நாற்காலி காலியாக இருந்தது. அவள் நோட்டுக்குள் நாலாக மடித்த ஒரு தாள். பேனாவால் எழுதிய ஒரே வரி.

'அண்ணி, என்னைப் பெறுத்துக்கொள்ளுங்கள்.'

பழக்க தோஷம், அவள் கை பேனாவைத் திறந்துவிட்டது. முனை அந்த எழுத்தின் பக்கம்வரை போனது.

ஒரு கணம் நின்றாள். பேனாவை மூடினாள். கால் போடாமலே தாளை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.