டீச்சருக்கும் அம்மாவுக்கும் சண்டை

கீழே நட்டு, போல்ட்டு, தாழ்ப்பாள், பூட்டு விற்கும் கடை. மாடியில் வீடு. வீட்டுக்குள்ளேயே பள்ளிக்கூடம். அடுப்படியிலிருந்து நாலு எட்டு வைத்தால் வகுப்பறை வந்துவிடும். அதாவது, சாப்பாட்டு மேசை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் மாணவர்கள் இரண்டே பேர். பெரியவளுக்குப் பத்து வயது. அவளை அப்பா ‘வக்கீல்’ என்றுதான் கூப்பிடுவார். கடைக்கு வருகிறவர்கள் பேரம் பேசுவதைக் கேட்டே வளர்ந்தவள். பல் தேய்க்கச் சொன்னால்கூட, “மேல் வரிசை இப்போ, கீழ் வரிசை சாயங்காலம்” என்று இழுப்பாள். தம்பி சுண்டுவுக்கு நாலரை வயது. இதுவரை காலையில் அப்பாவோடு கடையில் இருந்தவன், முந்தாநாள்தான் பள்ளியில் சேர்ந்தான்.

டீச்சர் யார்? அம்மாதான். வினையும் அங்கேதான் வந்தது.

முன்பெல்லாம் கணக்குப் போட உட்கார்ந்தாலே வக்கீலுக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், முதுகு அரிக்கும். ஒரு கழித்தலுக்கு ஒன்பது ‘அம்மா!’ பொறுத்துப் பார்த்த அம்மா ஒருநாள் சட்டம் போட்டார்.

“ஒன்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் நான் அம்மா இல்ல. டீச்சர்.”

வக்கீல் சும்மா விடுவாளா? “டீச்சர்னா வெளியிலேர்ந்துதான் வரணும்” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் ஒன்பது மணிக்கு அம்மா, “போயிட்டு வரேன்” என்று கையாட்டிவிட்டு வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போவார். மாடிப்படியில் நின்று கொண்டை போட்டு, கண்ணாடி மாட்டி, கதவைத் தட்டுவார். “குட் மார்னிங், பிள்ளைகளா!” வக்கீல் விழுந்து விழுந்து சிரிப்பாள். இரண்டு வருடமாக நடக்கும் கூத்து இது.

சுண்டுவுக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாள் கதவடியில் நின்று அழுதான். இரண்டாம் நாள் மடியில் ஏறப் போனான். “டீச்சர் மடியில எல்லாம் உட்காரக் கூடாது, கண்ணா” என்று பதில் வந்தது. மூன்றாம் நாளான இன்று, மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைக் கட்டிக்கொண்டான்.

“அம்மா எப்போ வரும்?”

அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். “டேய் தங்கம், நான்தான்டா அம்மா.”

“பொய்! நீங்க டீச்சர். நீங்களே நேத்து சொன்னீங்க.”

அவனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் அழுகை உச்சியில் இருக்கும்போது தெரிந்ததெல்லாம் எதற்கு உதவும்?

வாழைப்பழம் காட்டியும் வரவில்லை. கலர் பென்சில் பெட்டியை முழுசாகத் தருவதாகச் சொல்லியும் வரவில்லை. அம்மா களைத்துப்போய் நாற்காலியில் சாய்ந்தார். கண் கலங்கியிருந்தது.

“எனக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கவே தெரியல போல. மத்தியானம் அப்பாகிட்ட சொல்லிடறேன். ரெண்டு பேரும் வேற ஸ்கூலுக்கே போங்க.”

வக்கீலுக்குப் பகீர் என்றது. இந்தப் பள்ளிக்கூடத்தை விடுவதா? ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து படிக்க வேறு எந்தப் பள்ளியில் விடுவார்கள்? அதோடு, கதவைத் தட்டும் இந்தக் கூத்தைக் கிளப்பியதே அவள்தான். அந்த நினைப்பு முள்ளாகக் குத்தியது.

யோசித்தாள். போன வாரம் தாழ்ப்பாள் வாங்க வந்த தச்சர் அப்பாவிடம் புலம்பியது ஞாபகம் வந்தது. ‘பையன் ஸ்கூல்ல பேரன்ட்ஸ் மீட்டிங்காம். போய் ஒரு மணி நேரம் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டு வந்தேன்!’

வக்கீல் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே இழுத்துப் போட்டாள்.

“டீச்சர், இன்னிக்குப் பேரன்ட்ஸ் மீட்டிங். சுண்டுவோட அம்மாவை வரச் சொல்லியிருக்கேன்.”

அம்மா அவளைப் பார்த்தார். பிறகு மேசைக்கு அடியில் பார்த்தார். அழுகை நின்றிருந்தது. மெல்லக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வாங்கம்மா. உங்க பையன் மூணு நாளா ஒரு எழுத்துகூட எழுதல.”

எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துச் செருகினார்.

“எப்படி எழுதுவான்? வீட்ல சிரிச்சிக்கிட்டுக் கிடந்த பிள்ளை! அழ வெச்சது யாரு? மடியில உட்கார வந்தவனை வேணாம்னீங்களாமே, உங்க மடி என்ன தேய்ஞ்சா போயிடும்?”

மேசைக்கு அடியிலிருந்து ஒரு மூக்கு வெளியே வந்தது.

“வகுப்புன்னா ஒழுங்கு வேணாமா?” என்றார் டீச்சர், இடம் மாறி.

“எம்பிள்ளைக்கு மடி வேணும். அவ்வளவுதான்!” என்றார் அம்மா, மறுபடி இடம் மாறி. மூச்சு வாங்கியது.

வக்கீல் நடுவில் புகுந்தாள். “ரெண்டு பேரும் கொஞ்சம் இறங்கி வாங்க. டீச்சர், நீங்க எவ்வளவு தருவீங்க?”

“மூணு மணி நேரத்துக்கு ஒரு மடி.”

“அநியாயம்!” என்றார் அம்மா. “பத்து!”

“பத்துன்னா பாடம் எப்போ நடத்தறது? ரெண்டு.”

“அஞ்சு!” என்று ஒரு குரல் கேட்டது. அது நாற்காலியிலிருந்து வரவில்லை. மேசைக்கு அடியிலிருந்து வந்தது.

வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “அடியில இருந்துக்கிட்டு விலை சொன்னா செல்லாது. மேல வந்து சொல்லணும்.”

சுண்டு ஊர்ந்து வந்தான். மூக்கைத் துடைத்தான். கடையில் அப்பா நிற்பதுபோல இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

“நாலு. அதுக்குக் கீழ இறங்க முடியாது.”

“நாலே நாலு. இந்தாங்க, முதல் மடி” என்று டீச்சர் கையை நீட்டினார். அவன் தாவி ஏறினான். கழுத்தில் முகத்தைப் புதைத்து ஒரு முறை முகர்ந்து பார்த்தான். அப்புறம், “பென்சில் எங்கே?” என்றான்.

பன்னிரண்டு மணிக்குள் ஒரு வரி முழுக்க ‘அ’ எழுதியிருந்தான். சில ‘அ’க்கள் மல்லாந்து கிடந்தன, அவ்வளவுதான். வேறு ஸ்கூல் பேச்சை அம்மா எடுக்கவே இல்லை. வக்கீலை இழுத்து இறுக அணைத்துக்கொண்டார்.

சாப்பிட மேலே வந்த அப்பா சுண்டுவைத் தூக்கினார். “என்னடா, புது டீச்சர் எப்படி?”

சுண்டு அடுப்படிப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவின் காதோடு சொன்னான்.

“டீச்சர் ரொம்ப நல்லவங்கப்பா. அம்மாகிட்டதான் நாம ஜாக்கிரதையா இருக்கணும்.”