நோட்ஸில் இல்லாத ஆறு அத்தியாயம்

காலை ஏழரைக்கே அந்த வீட்டில் இடி விழுந்தது. பத்து மணிக்குப் பரீட்சை. ஆங்கில இலக்கியம் கடைசி வருஷம் படிக்கும் சின்னவள், கையில் ஒரு கத்தைக் காகிதத்தோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவளுடைய அண்ணி, அந்த வீட்டின் ஒரே மருமகள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்க நோட்ஸ்ல கிறுக்கினது யாரு? நீங்கதானே அண்ணி?"

தங்க நோட்ஸைத் தெரியாதவர் அந்தக் கல்லூரியில் இல்லை. யாரோ ஒரு புண்ணியவதி என்றைக்கோ எழுதிவைத்தது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, எழுத்தெல்லாம் மங்கி, சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறி வருவது. அதைக் கரைத்துக் குடித்தால் போதும், பாஸ். புத்தகத்தைப் புரட்டவே வேண்டாம். அதன் வெற்றுப் பின்பக்கங்களில்தான் இப்போது பொடிப்பொடியாக நீல மையில் எழுதியிருந்தது.

"நாந்தாம்மா. அந்த நாவல்ல கடைசி ஆறு அத்தியாயம் இதுல இல்ல. அதான்..."

முடிக்க விட்டால்தானே!

"டிகிரி முடிக்காத நீங்க எனக்கு நோட்ஸ் எழுதறீங்களா? நான் படிக்கறது உங்களுக்குப் பொறுக்கல அண்ணி... அவ்வளவுதான்."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்று மாமியார் கூடத்திலிருந்தே தன் பங்குக்கு ஒரு குத்து குத்தினாள். கணவனோ, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவன். சட்டைப் பொத்தானைப் போடுவதிலேயே மும்முரமாக இருந்தான்.

"பஸ்ல போறப்ப ஒரே ஒரு தடவை படிச்சுப் பாரு. அது போதும் எனக்கு," என்றாள் அவள். சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் இவளும் அதே கல்லூரியில் அதே வகுப்பில் உட்கார்ந்தவள்தான். கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். கடைக்குட்டியைப் பெற்ற மாமியார் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டாள். கல்யாணத்தை இப்போதே முடித்துவிடலாம், பரீட்சையை அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அன்றைக்கு அந்த நாவலில் இருபத்துநாலு அத்தியாயத்துக்குக் குறிப்பு எழுதியிருந்தாள். நோட்டைத் தோழியிடம் கொடுத்துவிட்டு வந்தவள்தான். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. மூன்று மாதக் குழந்தையாக இருந்த சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு இவள் நடந்த நடைக்கு உலகத்தையே ஒரு சுற்று சுற்றியிருக்கலாம்.

போன மாதம் சின்னவள் அந்தக் கத்தையைக் கொண்டுவந்து மேஜையில் போட்டபோதே, தன் கையெழுத்து அண்ணிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள். ஒன்றுதான் மனசை அரித்தது. இருபத்துநாலாம் அத்தியாயத்தில், திருடாத ஒருவனைத் திருடன் என்று ஜெயிலில் தள்ளுகிறார்கள். நோட்ஸ் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே பரீட்சை எழுத வருகிறவர்களெல்லாம் அவன் உள்ளேயே செத்தான் என்று முடித்துவிடுகிறார்கள். அடக் கொடுமையே, இருபது வருஷமாக ஒரு நிரபராதி அந்தக் கல்லூரியில் ஜெயிலிலேயே கிடக்கிறான்! சின்னவள் லைப்ரரியிலிருந்து எடுத்துவந்து திறக்காமலே வைத்திருந்த நாவலை, பத்து நாள் மத்தியான வேளைகளில், கழுத்து வலிக்க வலிக்கப் படித்து மீதியை எழுதினாள்.

மூன்று மணிக்குச் சின்னவள் திரும்பி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. பையைக்கூட இறக்கவில்லை. அவன் நிரபராதி என்பது கடைசியில் எப்படி வெளிவருகிறது என்று பெரிய கேள்வியாகக் கேட்டிருந்தார்களாம். வருஷா வருஷம் அவனைச் சாகடிப்பதைப் பார்த்துப் பேராசிரியருக்கே அலுத்துப்போயிருக்கும். வகுப்பே திருதிருவென்று விழித்ததாம். தப்புக் கண்டுபிடிக்கவென்றே பஸ்ஸில் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டு போன சின்னவள் மட்டும் எழுதினாளாம்.

"முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே கையெழுத்து அண்ணி. பஸ்லயே பாத்துட்டேன். தங்க நோட்ஸ்... உங்களோடதா?"

"ஆமா."

"ஏன் அண்ணி சொல்லல?"

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "காலையில சொல்லத்தானே வந்தேன்? இருபது வருஷமா சொல்ல வர்றேன்... யாரு கேட்டீங்க? மத்ததையெல்லாம் தாங்கிட்டேன். நீ படிக்கறது எனக்குப் பொறுக்கலன்னு சொன்ன பாரு, அதைத்தான் தாங்க முடியல. உன்னைத் தூக்கி வளர்த்த கைடி இது..."

சின்னவள் அப்படியே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். கூடத்திலிருந்து மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அடுத்த வருஷம் எழுதிக்கலாம்னு சொன்னது நான்தான். வர விடாம செஞ்சதும் நான்தான். நீ படிப்பை விட்டது இவளுக்காகத்தான்னு இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்... சொன்னா என் மதிப்பு போயிடும்னு இருந்துட்டேன். மன்னிச்சுடும்மா."

மாமியாரும் அழுதாள். நாளைக்கே கல்லூரியில் விண்ணப்பம் வாங்கி வருகிறேன், விட்ட பரீட்சையை எழுதியே ஆகவேண்டும் என்று சின்னவள் விசும்பிக்கொண்டே சொன்னாள்.

"கொண்டா, எழுதறேன்," என்று அண்ணி சின்னவளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். "இன்னிக்கு எனக்குத் தூக்கம் வருது. ராத்திரிச் சாப்பாட்டை நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க."

போய்ப் படுத்தாள். உடம்பெல்லாம் வலித்தது. சமையலறையில், உப்பு எங்கே இருக்கிறது என்று அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது காதில் விழுந்தது. அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை.