கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா

மூடி பாதி இறங்கியதும் அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"வேண்டாம். திறங்க."

இயந்திரத்தைக் கவனிக்கும் தெம்யான் பெருமூச்சு விட்டார். நேற்றும் மூடியதுமே இதே கதைதான்.

கீவ் மருத்துவமனையின் அந்த அறையில் ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று படுத்திருந்தது. அதற்குள் அழுத்தத்தோடு ஆக்சிஜன் வரும். அப்பா பனாஸ் பேருந்து ஓட்டுநர். அணு உலை வெடித்தபோது பக்கத்து ஊர் மக்களை ஏற்றி வந்தவர். கதிர்வீச்சு அவர் உடம்பைக் கெடுத்திருந்தது. மாடி ஏறினாலே மூச்சு வாங்கும்.

"இதுல கட்டாயம் குணமாகும்னு நான் சொல்லல," என்றார் டாக்டர் ராயிசா. "முயற்சி பண்ணிப் பாக்கலாம்னுதான் சொல்றேன். இன்னைக்கும் படுக்கலன்னா இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

"குடுத்துடுங்க. டப்பாவுக்குள்ள அடைக்க நான் என்ன மத்தி மீனா?"

ஒன்பது வயது உல்யானா சிரிக்கவில்லை. அப்பா இன்னும் மூடியின் விளிம்பை விடவில்லை.

"உள்ள இருட்டா இருக்காப்பா?"

"இல்ல. மூடியில கண்ணாடி இருக்கு."

"அப்புறம் என்ன?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். "நேத்து மூடினதும் ஒரு சத்தமும் கேக்கல, குட்டி. எல்லாரும் போயிட்ட மாதிரி இருந்துச்சு. அன்னைக்குக் கடைசி பஸ்ஸை எடுத்தப்ப அந்த ஊர் இப்படித்தான் இருந்துச்சு."

உல்யானா கொஞ்சம் யோசித்தாள். பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தாள்.

"இது ஆஸ்பத்திரியா, கிளப்பா?" என்றார் தெம்யான். "காகிதம் உள்ள போகக்கூடாது. தீப்பிடிக்கும்."

"உள்ள போகாது மாமா. கொஞ்சம் பிளாஸ்திரி தாங்க."

அவர்கள் வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு ஆடும் ஆட்டத்துக்கு 'முட்டாள்' என்று பெயர். கடைசியில் யாரிடம் சீட்டு மிஞ்சுகிறதோ அவர்தான் முட்டாள்.

"உங்க சீட்டைக் கண்ணாடியில ஒட்டுறேன். படம் உங்க பக்கம் தெரியும். எதைப் போடணுமோ விரலால காட்டுங்க. நான் இங்கயே நிப்பேன்."

அப்பா அவளைப் பார்த்தார். படுத்தார். மூடி இறங்கியது. இந்த முறை கை தடுக்கவில்லை.

அப்பா விரலால் காட்டினார். அவள் அந்தச் சீட்டை உரித்துப் போட்டாள். ஒருமுறை அவள் ஏமாற்றப் பார்த்தபோது அப்பாவின் உதடுகள் வேகமாக அசைந்தன. என்ன திட்டினார் என்று கேட்கவில்லை. நல்லவேளை.

தெம்யானின் ஒரு கண் அழுத்தமானியில் இருந்தது. மறு கண் உல்யானாவின் சீட்டுகளில். "துருப்பை இப்பவே விடாத," என்று முணுமுணுத்தார்.

நேரம் முடிந்தது. காற்று மெல்ல வெளியேறியது. மூடி திறந்தது. அப்பா எழவில்லை.

டாக்டர் பதறிக் குனிந்தார். "பனாஸ், என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. மூடியைப் போடுங்க டாக்டரம்மா. எனக்கு ஒரு சீட்டுதான் பாக்கி. இவ கையில நாலு இருக்கு."