கையால் எடுத்த பந்து

"அந்த மூக்குத்தியைக் கழட்டிட்டு வாங்க..."

கழுத்தில் விசிலும் கையில் பந்துமாக நின்ற ரெஃப்ரி இங்கிலீஷில் சொன்னான். மாளவிகாவுக்குச் சுள்ளென்று வந்தது.

"பெரிய கலெக்டர்னு நெனப்பு..." என்று தமிழில் முணுமுணுத்தாள்.

"கலெக்டர் இல்லைங்க... வெறும் ரெஃப்ரி. பேரு சுஹாஸ். ஊரு ஈரோடு."

திக்கென்று நிமிர்ந்தாள். சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்... அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. டெக்சாஸ் வெயிலில் இப்படியும் குளிருமா என்ன? மூக்குத்தி மேல் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு காப்பெல் ஊர் மைதானத்துக்குள் ஓடினாள். வார்ம்-அப் தொடங்கும் முன்னே நெஞ்சு படபடத்தது.

கேலிக் ஃபுட்பால் அயர்லாந்துக்காரர்களின் ஆட்டம். பந்தைக் கையில் பிடித்தும் ஓடலாம், காலாலும் உதைக்கலாம். குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒரு பாயிண்ட், கீழே வலைக்குள் போனால் மூன்று. மாளவிகாவோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஐரிஷ் நர்ஸ் மேவ்தான் முதலில் அவளை இழுத்துவந்தாள். திருச்சி ஸ்கூலில் த்ரோபால் ஆடிய கை... சும்மா விடுமா? மூன்றே வருஷத்தில் அவள்தான் கேப்டன். ஆஸ்டின், ஹூஸ்டன் என்று ஊருக்கு ஒரு டீம் முளைத்துவிட்ட காலம் இது. காப்பெல் பெண்கள் டீமில் தமிழ், தெலுங்கு, மெக்சிகோ என்று எல்லாரும் உண்டு. அயர்லாந்தைக் கண்ணால் பார்த்தவள் மட்டும் மேவ் ஒருத்திதான்.

இன்றைக்கு ஹூஸ்டனை ஜெயித்தால் தேசியப் போட்டி. தோற்றால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கடைசி இரண்டு நிமிஷம். இரண்டு டீமும் சமம். வானம் இருட்டி, முதல் தூறல் விழுந்தது. பந்து ஈரப் புல்லில் உருண்டு வர, மாளவிகா குனிந்து கையால் வாரி எடுத்தாள்... ஓடினாள்... கம்பம் இதோ...

பீ...ப்ப்.

"ஃபவுல். தரையில கெடக்கிற பந்தைக் கையால எடுக்கக் கூடாதுங்க. கால் நுனியால தூக்கித்தான் எடுக்கணும்."

"அது ஆம்பளைங்க ஆட்டத்துல. லேடீஸ் ரூல்ஸ்ல நேராவே எடுக்கலாம்."

"நான் ஊதினா ஊதினதுதாங்க."

"விசில் ஊதத் தெரிஞ்சா பத்தாது சார். ரூலும் தெரியணும்."

எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவன் முகம் சிவந்துபோனது. ஹூஸ்டனுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது, பந்து கைமாறிக் காப்பெல் பக்கக் கம்பத்துக்கு மேலே பறந்தது, ஆட்டமும் முடிந்தது. ஒரே ஒரு பாயிண்டில் தோல்வி. அந்த நேரம் பார்த்து மழை கொட்டித் தீர்க்க, எல்லாரும் பார்க் ஷெட்டுக்குள் ஓடினார்கள்.

"பாவம்டி அவன்," என்றாள் டீம்மேட் ஷ்ரேயா, தலையைத் துவட்டிக்கொண்டே. "எப்பவும் ஆம்பளைங்க மேட்ச்தான் பண்ணுவானாம். நமக்கு வர வேண்டிய ரெஃப்ரி ஃப்ரீவே டிராஃபிக்ல மாட்டிக்கிட்டாங்கன்னு கடைசி நேரத்துல இவனை இறக்கிட்டாங்க. பழக்க தோஷத்துல ஊதிட்டான்."

"அப்போ தப்புன்னு சொல்லச் சொல்லு."

"எப்படிச் சொல்லுவான்? தேசியப் போட்டியில விசில் ஊத செலக்ட் ஆகியிருக்கான். இப்ப ஒத்துக்கிட்டா அது காலி."

மேவ் அருகில் வந்து உட்கார்ந்தாள். ரெஃப்ரியே வாய் திறந்து சொன்னால்தான் போட்டியை நடத்தும் கமிட்டி காது கொடுக்கும், போய்த் தன்மையாகப் பேசிப் பார் என்றாள்.

நானா? அவன்கிட்டயா? செத்தாலும் மாட்டேன்... மாளவிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கண்ணுக்கு எங்கே மானம் ரோஷம்? அது தானாகவே ஷெட்டின் மறுகோடிக்குப் போயிற்று. அவன் தனியாக நின்றான். இமையோரம் மழைத்துளி. காலையில் பார்த்த சிரிப்பு இப்போது அந்தக் கண்ணில் இல்லை. சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். எப்படியும் மழுப்பிவிட்டுப் போய்விடுவான், போகட்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

அவன் போகவில்லை. நேராக நடந்து வந்து, ஷெட்டின் நடுவில் கிடந்த பெஞ்ச் மேல் ஏறி நின்றான்.

"தப்பு என்னோடது," என்றான் இங்கிலீஷில், எல்லாருக்கும் கேட்கும்படி. "அது ஃபவுல் இல்லை. கேப்டன் சொன்னதுதான் சரி. ரூல் தெரியாம நான் ஊதிட்டேன்."

ஹூஸ்டன் பக்கம் சலசலப்பு. யோசித்துத்தான் சொல்கிறாயா என்று கமிட்டித் தலைவர் கேட்டார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றான். கொஞ்ச நேரம் கூடிப் பேசிவிட்டு, அந்த விசிலுக்கு முந்தின நிலையிலிருந்து கடைசி இரண்டு நிமிஷத்தை மறுபடி ஆட வேண்டும் என்று கமிட்டி முடிவு சொன்னது. வர வேண்டிய ரெஃப்ரி அதற்குள் வந்துவிட்டார். சுஹாஸ் விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய் நின்றான்.

மழை விட்டதும் ஆட்டம் தொடங்கியது. பந்து மறுபடியும் புல்லில் உருண்டு வந்தது. மாளவிகா ஊருக்கே தெரியும்படி கையால் எடுத்தாள். இரண்டு பேரை ஏய்த்தாள். கால் நுனியில் ஒரு தட்டுத் தட்டி, ஓங்கி உதைத்தாள். பந்து கம்பத்துக்கு நடுவே, மேலே... மேலே போயே போய்விட்டது. கடைசி விசிலும் ஊதியாயிற்று, ஒரே பாயிண்டில் வெற்றி.

தோழிகள் மேலே விழுந்து அமுக்கியதிலிருந்து ஒரு வழியாகத் தப்பித்து, சேற்றுக் காலோடு அவனிடம் போனாள்.

"தேசியப் போட்டி... போச்சா?"

"இல்லைங்க. ஒத்துக்கிட்டதே பெருசு, நீ கண்டிப்பா வான்னாங்க. நான்தான் இப்ப முடியாதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

"ஏன்?"

அவன் புல்லைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"ரெஃப்ரிக்கு ரெண்டு டீமும் ஒண்ணா இருக்கணும். நீங்க அந்தப் பந்தை உதைச்சப்ப, நான் கண்ணை மூடி சாமியை வேண்டிக்கிட்டு நின்னேன்... இனிமே எப்படிங்க உங்க மேட்சுக்கு விசில் ஊதுவேன்?"

"எங்க டீமுக்காகவா வேண்டிக்கிட்டீங்க?"

"டீமுக்காக இல்லைங்க... உங்களுக்காக."

ஐயோ, இந்த மனுஷன்... கன்னம் சூடாகிப்போனது. ஆனாலும் அவள் தலையைக் குனியவில்லை. கேப்டன் அல்லவா?

"நீங்க பெஞ்ச் மேல ஏறி நின்னீங்களே, அப்பவே என் மனசு உங்ககிட்ட வந்துடுச்சு," என்றாள் நிதானமாக. "இந்த மேட்ச் தோத்திருந்தாலும் வந்து இதைச் சொல்லியிருப்பேன், சுஹாஸ்."